கிளைக்குள்ள ரெண்டு அணி: மிதவாதிகளையும் முற்போக்குகளையும் ஒண்ணா வேலை செய்ய வைக்க முடியுமா?

மழைச்சாரல் | சுங்கை சிப்புட்

வணக்கம். சொந்தக் கட்சிப் பேர் போடக்கூடாதுன்னு இந்தப் பகுதியில விதி இருக்கு, அதனால 'நம்ம கட்சி'ன்னே எழுதறேன். நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட் கிளைச் செயலாளர். போன ஆண்டுக் கூட்டத்துல வேற யாரும் கை தூக்காததால என் தலையில கட்டிட்டாங்க.

விஷயம் இதுதான். எங்க கிளைக்கு உட்பட்ட தோட்டம் ஒண்ணு கை மாறிடுச்சு. புது முதலாளி செம்பனையைச் சாய்ச்சுட்டு வீடமைப்புத் திட்டம் கொண்டு வரப் போறார். லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடு) இருபது சொச்சம் குடும்பம் இன்னும் இருக்கு. பாதிப் பேர் வேலை ஓய்வு பெற்றவங்க. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தாச்சு.

கிளையில மூத்தவங்க என்ன சொல்றாங்கன்னா, 'ஆட்சியில நமக்கும் பங்கு இருக்கு, ஒய்பிகிட்ட (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) பேசி, மந்திரி புசார் (மாநில முதல்வர்) ஆபீஸ் வரைக்கும் போய் மலிவு வீட்டைக் கழிவு (தள்ளுபடி) விலையில வாங்கிக் கொடுத்துடலாம்'. இளையவங்க, 'மூணு தலைமுறை உழைச்சிருக்காங்க, கழிவு என்ன பிச்சையா? நஷ்ட ஈடா தரை வீடு கொடு, இல்லேன்னா தோட்டத்து வாசல்ல மறியல்'ங்கிறாங்க. அதோட தொகுதிக் கூட்டத்துல நம்ம அரசாங்கத்தையே கண்டிச்சுத் தீர்மானம் கொண்டு வரணுமாம்.

வாய்ச்சண்டையோட நின்னிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். ரெண்டு தரப்பும் தனித்தனியா லயத்துக்குப் போய்ப் பேர் எழுதி, தனித்தனியா மனு கொடுத்திருக்காங்க. ஒரே வீடு ஒரு பட்டியல்ல மாமனார் பேர்ல இருக்கு, இன்னொண்ணுல மருமகன் பேர்ல. ஒருத்தர் புது வீட்டு எண்ணைப் போட்டிருக்கார், இன்னொருத்தர் கதவு மேல சுண்ணாம்புல எழுதியிருக்கிற பழைய எண்ணை. சம்பந்தப்பட்ட அதிகாரி ரெண்டு மனுவையும் ஒண்ணாச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சு, 'முதல்ல நீங்க உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க'ன்னு என் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டார்.

அடுத்த மாசம் ஆண்டுக் கூட்டம். 'ஒற்றுமையே பலம்'னு யாரும் சொற்பொழிவு ஆத்த வேணாம், அது மேடையிலேயே தாராளமா கிடைக்குது. இந்த மாதிரி ரெண்டு தரப்பை வச்சு வேலை வாங்கின அனுபவம் உள்ளவங்க, சரித்திரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய கிராணி | சுங்கை சிப்புட்

அம்மா மழைச்சாரல், நீங்க சொல்ற 'மூத்தவங்க'ல நானும் ஒருத்தன். மிதவாதின்னே எழுதிக்கோங்க, எனக்கு வருத்தமில்ல.

எங்களைப் பயந்தாங்கொள்ளின்னு தம்பிங்க சொல்றாங்க. அந்தப் பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் கேளுங்க. 1948 ஜூன் 16ஆம் தேதி நம்ம ஊர் வட்டாரத்துலதான் மூணு வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதோட கம்யூனிஸ்டுகளை ஒடுக்கறோம்னு வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் கொண்டு வந்துச்சு. லயத்தைச் சுத்தி முள்கம்பி. யார் எத்தனை மணிக்கு வெளியே போகலாம், எவ்வளவு அரிசி எடுத்துட்டுப் போகலாம்னு கணக்கு. தொழிற்சங்கத்துல பேர் இருந்தவங்களைத் தேடித் தேடிப் பிடிச்சாங்க. மறு வருஷம் மே மாசம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்குல போட்டாங்க. எங்கப்பா சங்கத்துக்குச் சந்தா கட்டின துண்டுச் சீட்டை அடுப்புல போட்டார். அதுக்கப்புறம் அவர் எந்தக் கூட்டத்துலயும் முன்வரிசையில உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. எங்களுக்கு நிதானம் கத்துக் கொடுத்தது அந்தக் காலம்.

அப்புறம் சுதந்திரம் வந்துச்சு. வெள்ளைக்காரன் தோட்டத்தை வித்துட்டுக் கிளம்பினான். தோட்டத்தைத் துண்டு துண்டா வித்த அந்தத் துண்டாடல்ல ஆயிரக்கணக்கான குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு. அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் என்ன பண்ணினார்? 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமாப் போய் தொழிலாளிகிட்ட பங்குப் பணம் சேர்த்து, தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். கெடாவுல புக்கிட் சிடிம் அப்படி வாங்கினதுதான். மறியல் பண்ணலை. பேசினார், கணக்குப் போட்டார், வாங்கினார். அந்த மனுஷன் இருந்த ஊர்லேர்ந்து இதை எழுதறேன்.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

ஐயா, உங்க மேல மரியாதை இருக்கு, அதனால பொறுமையாவே எழுதறேன்.

துண்டாடல்ல வீடு போனவங்க தன் சொந்தக் காசைப் போட்டு, தான் உழைச்ச தோட்டத்தைத் தானே வாங்க வேண்டியிருந்துச்சு. அதைச் சாதனைன்னு ஒத்துக்கிறேன். ஆனா அன்னிக்கு அரசாங்கத்துல அமைச்சரா இருந்தவரே அரசாங்கத்துகிட்ட நிலத்தைக் கேட்டு வாங்க முடியாம, சம்பளத்துல பிடிச்சுக் கட்டச் சொன்னார்னா, ஆட்சிக்குள்ள இருந்து பேசறதோட எல்லையும் அங்கயே தெரியுதுல்ல?

நீங்க 1948ஐச் சொல்றீங்க, நான் 1941ஐச் சொல்றேன். கிள்ளான் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் முன்னால நின்னார். சீனத் தொழிலாளிக்குச் சமமா கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைங்களுக்கு ஒழுங்கான தமிழ்ப் பள்ளி கொடுன்னு கேட்டாங்க. துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கணும்ங்கிற வழக்கத்தை எடுன்னும் கேட்டாங்க. கொடுமைக்காரக் கிராணிகளை (தோட்டத்து எழுத்தர், மேற்பார்வையாளர்) மாத்துன்னு ஒரு கோரிக்கையும் இருந்துச்சு, ஐயா கோவிச்சுக்காதீங்க :) நாதனைப் பிடிச்சு நாடு கடத்தினாங்க, பட்டாளம் வந்து சுட்டுச்சு, உயிர் போச்சு. அதெல்லாம் உண்மை. ஆனா இன்னிக்கு நீங்களும் நானும் யாரைப் பார்த்தும் சைக்கிளை விட்டு இறங்கறதில்ல.

எங்க கோபம் பேச்சுவார்த்தை மேல இல்ல. தேதி இல்லாத பேச்சுவார்த்தை மேலதான். மனு கொடுப்போம், ஒய்பியோட நின்னு படம் எடுப்போம், முகநூல்ல போடுவோம், 'கவனிக்கப்படும்'னு பதில் வரும். பிறகு என்னாச்சுன்னு கேட்டா 'கட்சியைக் குறை சொல்லாதே'ன்னு வாயை அடைப்பீங்க. 18 வயசுல ஓட்டு வந்தாச்சு, நாங்க யாரும் பதிஞ்சுக்கக்கூட வேண்டியதில்ல, 2021 டிசம்பர்லேர்ந்து பேர் தானா ஏறிடுது. கட்சி எங்க ஓட்டைக் கேட்குது, எங்க வாயை மட்டும் வேணாம்ங்குது.


ஈப்போ லோரி | சிம்மோர்

கிளைக்கு ரெண்டு வாட்சப் குழு இருக்கு. யாரும் கவனிக்கலை போல, நான் ரெண்டுலயும் இருக்கேன். காலையில ரெண்டுலயும் ஒரே முருகன் படத்தோட 'இனிய காலை வணக்கம்' வருது. பசியாறிட்டு வந்து பார்த்தா ஒண்ணுல 'துரோகிகள்', இன்னொண்ணுல 'விஷமிகள்'. அனுப்பறவங்க பேரை மறைச்சுட்டா எது எந்தக் குழுன்னு எனக்கே தெரியாது லா.


நூலகவாசி | கோலாலம்பூர்

சரித்திரம் கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மிதவாதிகள், தீவிரவாதிகள் என்ற பிரிவை நம் தாத்தாக்கள் இந்தியக் காங்கிரஸிலேயே பார்த்தார்கள். 1907 சூரத் மாநாட்டில் மேடையை நோக்கிச் செருப்புப் பறந்தது, நாற்காலிகள் உடைந்தன, கட்சி பிளந்தது. திலகர் பக்கம் நிற்கத் தமிழ்நாட்டிலிருந்து வ.உ.சி.யும் பாரதியும் போயிருந்தார்கள். அடுத்த ஆண்டே திலகருக்கு ஆறு ஆண்டு மாண்டலே சிறை, வ.உ.சி.க்குச் செக்கு. கட்சி ஒன்றாக இருந்திருந்தால் அரசாங்கம் அவர்களைத் தொட்டிருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தனித்து நின்றவர்களைத் தொடுவது அதற்கு மிகவும் சுலபமாக இருந்தது. மறுபக்கம், மிதவாதிகளின் மாநாடுகள் உயிரற்றுப் போயின. திரும்ப ஒன்று சேர்ந்தது 1916 லக்னோவில். அதற்கு முந்தைய ஆண்டில் மிதவாதத் தலைவர்களான கோகலே, பெரோஸ்ஷா மேத்தா இருவருமே காலமாகியிருந்தார்கள். தலைவர்கள் போய்ச் சேரும் வரை காத்திருப்பதும் ஒரு வழிதான், ஆனால் உங்கள் லயத்துக்கு வந்த நோட்டீஸ் அவ்வளவு நாள் காத்திருக்காது.

மலேசியாவில் இதைவிடப் பொருத்தமான கதை தொழிற்கட்சியுடையது. அறுபதுகளின் நடுவில் அதன் தீவிரப் பிரிவு, தேர்தலை நம்பிப் பயனில்லை, தெருவில்தான் போராட்டம் என்ற நிலைக்குப் போனது. கைதுகள் அந்த எண்ணத்தை இன்னும் கெட்டிப்படுத்தின. நிதானக்காரர்கள் வெளியேறினார்கள். டான் சீ கூன், வி. டேவிட் போன்றவர்கள் 1968இல் உருவான கெராக்கான் கட்சிக்குப் போனார்கள். 1969 தேர்தலைத் தொழிற்கட்சி புறக்கணித்தது. 1972இல் அதன் பதிவே ரத்தானது. சரி, வெளியே போன நிதானக்காரர்களாவது ஒன்றாக இருந்தார்களா? 1971இல் கெராக்கானும் உடைந்தது, டான் சீ கூனும் டேவிட்டும் அங்கிருந்தும் வெளியேறினார்கள். மிச்சமிருந்த கெராக்கான் ஆளுங்கூட்டணிக்குள் போய்ச் சேர்ந்தது. ஒரு தடவை பிரிந்து பழகியவர்களுக்கு அடுத்த பிரிவு எளிதாகிவிடுகிறது.

சேர்ந்ததற்கும் உதாரணம் உண்டு. 2003இல் பார்ட்டி ராயாட் மலேசியாவும் தேசிய நீதிக் கட்சியும் இணைந்து கெஅடிலான் ராயாட் கட்சி ஆனது. ஒரு பக்கம் சையத் உசேன் அலி போன்ற பழுத்த இடதுசாரிகள், மறுபக்கம் அன்றைய ஆளுங்கட்சியான அம்னோவிலிருந்து வந்தவர்கள், இஸ்லாமிய இளைஞர் இயக்கத்திலிருந்து வந்தவர்கள். இணைப்பில் உடன்படாத சிலர் 2005இல் பழைய கட்சியை மறுபடி உயிர்ப்பித்தார்கள். இணைந்தவர்கள் 2008இல் நாட்டின் அரசியலையே புரட்டினார்கள்.

உங்கள் ஊர்க் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1974 முதல் முன்னாள் அமைச்சர் சாமிவேலு கையில் இருந்த தொகுதியை 2008இல் ஜெயக்குமார் தேவராஜ் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் சோசலிசக் கட்சிக்காரர், நின்றதோ கெஅடிலான் சின்னத்தில். 2013இலும் அப்படியே வென்றார். 2018இல் அவர் கட்சி சொந்தச் சின்னத்தில் நின்றது, கெஅடிலான் தனி வேட்பாளரை நிறுத்தியது. கெஅடிலான் வென்றது, ஜெயக்குமாருக்கு வைப்புத்தொகையும் போனது. பத்தாண்டு உழைத்தவரை ஊர் மறந்துவிட்டது என்று வருந்துகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். மறக்கவில்லை. அவர் தனியாக நின்றார், அன்றைய அலை வேறு பக்கம் அடித்தது, அவ்வளவுதான்.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

நூலகவாசி அண்ணே, கடைசிப் பத்தியை வச்சு 'அப்போ நீங்கதான் அடங்கிப் போகணும்'னு ஐயா சொல்வார் பாருங்க. 2008ல ஜெயிச்சதுக்கு அந்தச் சின்னம் மட்டும் காரணமில்ல. தோட்டம் தோட்டமா வருஷக்கணக்கா நடந்த கால் வேணும், ஊர் முழுக்கத் தெரிஞ்ச சின்னமும் வேணும்.


பழைய கிராணி | சுங்கை சிப்புட்

நான் அப்படிச் சொல்லலை தம்பி. சொல்லலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட.


கடல் தாண்டியவன் | ஒஹாயோ, பிறந்தது கோலகங்சார்

இங்க அமெரிக்காவுல ஜனநாயகக் கட்சிக்குள்ள இதே கூத்துதான். ஆனா ரெண்டு விஷயம் உங்களுக்கு உதவலாம்.

முதல் விஷயம். 2020ல வேட்பாளர் போட்டி முடிஞ்சதும் மிதவாதி பைடன் தரப்பும் முற்போக்கு சாண்டர்ஸ் தரப்பும் சேர்ந்து ஆறு குழு போட்டாங்க. பருவநிலை, குற்றவியல் நீதி, பொருளாதாரம், கல்வி, மருத்துவம், குடியேற்றம்னு தனித்தனி. 'நம்ம கொள்கை என்ன'ன்னு மொத்தமா உட்கார்ந்திருந்தா பேச்சு முடிஞ்சே இருக்காது. தலைப்பு தலைப்பா உட்கார்ந்ததால ஜூலையில அறிக்கை வந்துடுச்சு. சாண்டர்ஸ் தரப்புக்கு எல்லாருக்கும் ஒரே அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடைக்கலை. கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் உட்கார்ந்தாங்க.

ரெண்டாவது விஷயம் கசப்பானது. 2021ல ரெண்டு மசோதா. சாலை, பாலம்னு ஒண்ணு, அது மிதவாதிகளுக்குப் பிடிச்சது. பிள்ளைப் பராமரிப்பு, பருவநிலைன்னு இன்னொண்ணு, அது முற்போக்குகளுக்கு. 'ரெண்டும் சேர்ந்துதான் போகணும், தனியா ஒண்ணுக்கு ஓட்டுப் போட மாட்டோம்'னு முற்போக்குகள் மாசக்கணக்கா பிடிச்சு வச்சாங்க. கடைசியில நவம்பர்ல வாக்குறுதியை நம்பி முதல் மசோதாவுக்கு ஓட்டுப் போட்டாங்க. ஆறு பேர் மட்டும் முடியாதுன்னுட்டாங்க. டிசம்பர்ல அதே கட்சி செனட்டர் மேன்ச்சின் டிவியில வந்து ரெண்டாவதுக்கு ஆதரவு இல்லேன்னுட்டார். செனட் 50க்கு 50, ஒரு ஓட்டு போனா எல்லாம் போச்சு. மறு வருஷம் ஆகஸ்ட்ல சின்னதா ஒரு சட்டம் வந்துச்சு. ஒண்ணுமில்லாததுக்கு அது பெரிசுதான், ஆனா கேட்டது அது இல்ல.

உங்க கிளையில கழிவு விலை வீட்டுக்கு முதல்ல கையெழுத்துப் போட்டுட்டு, 'தரை வீட்டை அப்புறம் பார்க்கலாம்'னு சொன்னா தம்பிங்க நம்ப மாட்டாங்க. நம்பவும் கூடாது.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

இதைத்தான் நாலு மாசமா கத்திட்டு இருக்கோம். இது ஒஹாயோவிலேர்ந்து வந்தா எல்லாரும் தலையாட்டுவாங்க.


முன்னாள் தொகுதி | தைப்பிங்

கீழ்மட்டத்துல நீங்க என்னதான் ஒட்டினாலும் மேல உடைச்சுடுவாங்க. 2020 பிப்ரவரியில ஒரே கட்சியிலேர்ந்து 11 எம்பிங்க போனாங்க, அரசாங்கமே கவுந்துச்சு. கிளையில கொடி கட்டினவனை எவன் கேட்டான்?

ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. 2022 அக்டோபர்லேர்ந்து கட்சித் தாவல் தடைச் சட்டம். எம்பி தானா கட்சியை விட்டுப் போனா இடம் காலி. கட்சி நீக்கினா இடம் போகாது. அதனால இப்ப போறதுக்கும் யோசிக்கிறாங்க, நீக்கறதுக்கும் யோசிக்கிறாங்க. ஒரே வீட்டுல பேசிக்காத அண்ணன் தம்பி மாதிரி உள்ளேயே கிடக்குறாங்க. பிடிக்குதோ இல்லையோ, இனிமே சண்டையை உள்ளேயே நடத்தத் தெரிஞ்சுக்கணும்.


லயத்து அக்கா | சுங்கை சிப்புட்

நான் அந்த லயத்துல இருக்கறவ. மகன் போன்ல படிச்சுக் காட்டினான், அவன்தான் டைப் பண்றான்.

ரெண்டு பட்டியல்லயும் என் பேர் இருக்கு. முதல்ல வந்தவங்க ஓய்வு வயசு கேட்டாங்க, ரெண்டாவது வந்தவங்க எந்த வருஷம் தோட்டத்துல பேர் பதிஞ்சதுன்னு கேட்டாங்க. என்ன வேணும்னு ரெண்டு பேரும் கேக்கல. டீ போட்டுக் கொடுத்தேன், குடிச்சுட்டுப் போனாங்க.

ஐயாக்கு ஒண்ணு சொல்றேன். கழிவு விலைன்னு சொல்றீங்களே, மீதிக் காசு யார் தருவா? எனக்கு அறுபத்து மூணு. எந்த பேங்க்கும் இந்த வயசுல கடன் தராது. இபிஎஃப் சேமநிதிக் காசு மக கல்யாணத்தோட போச்சு. இந்த வரிசையில முக்காவாசி வீடு அப்படித்தான். மலிவு வீடு ஃப்ளாட்டுன்னா அஞ்சாவது மாடி குடுப்பாங்க, எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில ஒரு கால் விரல் எடுத்தாச்சு.

தம்பிங்களுக்கும் ஒண்ணு. என் பெரிய மகன் அந்தப் புது முதலாளியோட குத்தகைக்காரர்கிட்டதான் லோரி ஓட்டுறான். வாசல்ல மறியல் பண்ணி, என்னை முன்னால நிறுத்திப் படம் எடுத்துப் போட்டா, சாயந்தரம் அவன் வேலை போயிரும். பதாகையை நீங்க பிடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவீங்க.

எங்களுக்கு வேண்டியது தரையில ஒரு வீடு. தமிழ்ப் பள்ளிக்கும் கோயிலுக்கும் பக்கத்துல. அது கட்டி முடிக்கிற வரைக்கும் இங்கிருந்து கிளப்பாம இருக்கணும். எல்லாம் கடுதாசியில இருக்கணும். தோட்டத்துல வாய்வார்த்தை நாங்க நிறைய பார்த்திருக்கோம்.


நெறியாளர்

இந்த இழையில் முதலில் பேசியிருக்க வேண்டியவர் இவர். மற்றவர்கள் இவருக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகலாம். 1907க்கு இனி யாரும் போக வேண்டாம்.


பழைய கிராணி | சுங்கை சிப்புட்

அம்மா, பேங்க் கடன் விஷயம் எங்க செயலவையில பேச்சுல வந்துச்சு. 'அதையெல்லாம் எழுதினா மனு தள்ளுபடியாயிடும், முதல்ல கழிவு கிடைக்கட்டும்'னு ஒருத்தர் சொன்னார், மத்தவங்க தலையாட்டினோம்.

சட்டத்துல பார்த்தா, 1990ல வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வேலையில இருக்கறவங்களுக்கு முதலாளி நல்ல வீடு, தண்ணி கொடுக்கணும்னு சொல்லுது. வேலை ஓய்வு ஆன மறுநாள் அந்த வீடு யாருதுன்னு கேட்டா சட்டத்துல பிடிமானம் கிடையாது. கிராணியா இருந்தப்ப நானே எத்தனையோ பேருக்கு வீட்டுச் சாவி ஒப்படைக்கிற கடிதம் டைப் அடிச்சிருக்கேன். அதனாலதான் 'உரிமை'ன்னு தம்பி சத்தம் போடறப்ப, எந்தச் சட்டப்படின்னு என் மனசு கேட்கும். வாதத்துக்காகச் சொல்லலை.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

சட்டத்துல இல்லேங்கிறதாலதான் அரசியல் வேணும்ங்கிறேன். சட்டத்துல இருந்தா வக்கீல் போதும், கட்சி எதுக்கு? 2013க்கு முன்னால குறைந்தபட்ச சம்பளம் எந்தச் சட்டத்துல இருந்துச்சு? 900 வெள்ளியில (ரிங்கிட்) ஆரம்பிச்சு இப்ப 1,700க்கு வந்திருக்கு.

அக்கா, உங்க மகன் விஷயம் எங்களுக்குத் தெரியாது. இனிமே லயத்து ஆள் யாரையும் கேட்காம படத்துல போட மாட்டோம்.


கோப்பிக்கடை அத்தை | சுங்கை சிப்புட்

நானும் அந்தக் கிளைதான், மகளிர் பகுதி. எல்லாரும் கொள்கை கொள்கைன்னு எழுதறீங்க. யாரும் எழுதாததை நான் எழுதறேன். சண்டையில பாதி பேராளர் பட்டியலுக்குத்தான். தொகுதிக் கூட்டத்துக்குக் கிளையிலேர்ந்து யார் போறது? அதுல ஆள் எண்ணிக்கை யார் பக்கம் இருக்கோ அவங்களுக்குத் தொகுதியில மரியாதை. அதுக்குத்தான் ரெண்டு தரப்பும் லயத்துக்குப் போய் மனுவோட சேர்த்து உறுப்பினர் பாரத்தையும் நீட்டினாங்க. நான் பார்த்தேன். ஒரே கிளிப்போர்டு, மேல மனு, கீழ பாரம்.

போன ஆண்டுக் கூட்டத்துல மண்டபத்துல எப்படி உட்கார்ந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? மூத்தவங்க எல்லாம் காத்தாடிக்குக் கீழ, பிள்ளைங்க எல்லாம் போன் சார்ஜ் போடற சுவரோரம். நடுவுல நாலு வரிசை நாற்காலி காலி. மீகூன் தட்டு மட்டும்தான் ரெண்டு பக்கமும் போச்சு.

பேராளர் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்னாடியே பேசி முடிங்க. பாதிப் பாதி. ஒத்தைப்படை வந்தா அந்த ஒரு இடம் மகளிருக்கு. அது நானா இருக்கணும்னு இல்ல. இதை முடிக்காம வீட்டு விஷயம் பேசினா, வீட்டைப் பத்திப் பேசற மாதிரி பேராளரைப் பத்தித்தான் பேசிட்டிருப்பாங்க.


ஈப்போ லோரி | சிம்மோர்

அத்தை உடைச்சுட்டாங்க. இனிமே யாரும் 'சித்தாந்தம்'னு எழுத மாட்டாங்க.


மழைச்சாரல் | சுங்கை சிப்புட்

எல்லாரும் எழுதினதை வச்சு ஒரு வரைவு போடறேன். கூட்டத்துக்கு முன்னாடி இதுலயே அடிச்சுப் பிடிச்சு முடிச்சுடலாம்.

பழைய ரெண்டு பட்டியலும் ரத்து. மூத்தவர் ஒருத்தர், இளையவர் ஒருத்தர்னு ஜோடியா வீடு வீடாப் போகணும். ஒரே படிவம், கையில உறுப்பினர் பாரம் கூடாது. அக்கா கேட்ட கேள்விதான் படிவத்துல முதல் வரி: என்ன வேணும்? அதுக்குக் கீழ வயசு, சம்பளம், கடன் கிடைக்குமா கிடைக்காதா, வீட்டுல நடக்க முடியாதவங்க இருக்காங்களா.

மனு ஒண்ணு, கையெழுத்து ரெண்டு. தலைவர் ஒரு பக்கம், இளைஞர் பகுதி ஒரு பக்கம். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா அது கிளை மனு கிடையாது. கடன் எடுக்க முடியாத குடும்பத்துக்கு என்ன வழிங்கிறது மனுவுக்குள்ளேயே இருக்கணும், இணைப்புல கூடாது. புது வீட்டுச் சாவி கைக்கு வர்ற வரைக்கும் லயத்தைக் காலி பண்ண மாட்டோம்ங்கிறதும் அப்படியே. ஒஹாயோ அண்ணன் சொன்ன மாதிரி, ஒண்ணை மட்டும் வாங்கிட்டு வந்து 'மத்தது அப்புறம்'னு சொல்ற அதிகாரம் யாருக்கும் இல்ல. முதலாளியோ அரசாங்கமோ பாதி கொடுக்க வந்தா கிளைக் கூட்டத்துல வச்சுத்தான் முடிவு, லயத்துக் குடும்பங்களும் இருக்கணும்.

பேச்சுவார்த்தைக்கு மூத்தவங்க போகட்டும். ஆனா இளையவர் ஒருத்தர் கூடவே உட்கார்ந்து குறிப்பு எழுதணும், அன்னிக்கு ராத்திரியே ரெண்டு குழுவுலயும் போடணும். அதுவரைக்கும் முகநூல்ல எதுவும் கிடையாது, மறியல் கிடையாது. ஆனா ஒரு தேதி வைக்கணும். தேதி தாண்டியும் எழுத்துல பதில் வரலேன்னா மறியல். அந்த மறியலுக்கு மூத்தவங்களும் வந்து நிக்கணும். 'நாங்க அப்பவே சொன்னோம்'னு வீட்டுல உட்காரக்கூடாது.

கண்டனத் தீர்மானத்துக்குப் பதிலா, அரசாங்கம் இந்த விஷயத்துல என்ன பண்ணியிருக்குன்னு தொகுதிக் கூட்டத்துல எழுத்துபூர்வமா அறிக்கை கேட்டுத் தீர்மானம். முன்மொழியறது ஒரு தரப்பு, வழிமொழியறது இன்னொரு தரப்பு.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

தேதி எது? அதைச் சொல்லாம மத்தது எல்லாம் அழகாத்தான் இருக்கும். நோட்டீஸ் கெடு முடியறதுக்கு மூணு வாரம் முன்னாடி இருக்கணும். கெடு முடிஞ்ச பிறகு மறியல் பண்ணினா புல்டோசர்கிட்டதான் பேசணும்.

கண்டனத்தை விட்டுக்கொடுக்க என் பக்கத்துல நாலு பேர் ஒத்துக்க மாட்டாங்க. நான் பேசிப் பார்க்கிறேன். அறிக்கை வரலேன்னா அடுத்த தொகுதிக் கூட்டத்துல கண்டனம்தான்னு அதே தீர்மானத்துல எழுதுங்க, அப்போ என்னால அவங்களைச் சமாளிக்க முடியும்.


பழைய கிராணி | சுங்கை சிப்புட்

மூணு வாரம் முன்னாடின்னா பேசறதுக்கு நேரம் போதாது. ஒய்பி ஆபீஸ்ல ஒரு அப்பாயின்மென்ட் வாங்கவே பத்து நாள் ஆகுது. கெடுவுக்கு ரெண்டு வாரம் முன்னாடின்னு வைங்க.

மறியலுக்கு வர்றேன். எழுபத்து நாலு வயசுல முதல் தடவையா வர்றேன். ஆனா சட்டப்படி நடக்கணும். அமைதிப் பேரணிச் சட்டத்துல போலீசுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி அறிவிப்புக் கொடுக்கணும்னு இருந்தது, 2019 திருத்தத்துல அஞ்சு நாளாச்சு. அந்த அறிவிப்பை நான் எழுதறேன், உங்களைவிட எனக்கு மலாய்ல கடிதம் எழுத வரும். முதலாளியைத் திட்டற பாட்டு வேணாம். வெயிலுக்குக் கொட்டகை போடுங்க.

வழிமொழியறதுக்கு என் பேரைப் போட்டுக்கலாம். அடுத்த கூட்டத்துல கண்டனம்னு இப்பவே எழுதறதுதான் எனக்கு ஒட்டலை. மிரட்டற மாதிரி இருக்கு.


நூலகவாசி | கோலாலம்பூர்

ஐயா, அதை மிரட்டல் என்று பார்க்க வேண்டாம், கெடு என்று பாருங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு முதலாளி வைத்ததும் அதுதானே. நெறியாளர் மன்னிக்கவும், 1907க்குப் போகவில்லை.


கோப்பிக்கடை அத்தை | சுங்கை சிப்புட்

மூணு வாரமும் இல்ல ரெண்டும் இல்ல, பதினெட்டு நாள்னு வைங்க. ரெண்டு பேருக்கும் கோபம் வரும், அப்போ சரியா இருக்குன்னு அர்த்தம்.

பேராளர் பட்டியல் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கலை, கவனிச்சேன்.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

பாதிப் பாதி சரி அத்தை. ஒத்தைப்படை மகளிருக்கு, அதுவும் சரி.


பழைய கிராணி | சுங்கை சிப்புட்

தலைவர்கிட்ட நான் பேசறேன். அவர் ஒத்துக்கிற வரைக்கும் இங்க 'சரி'ன்னு எழுத எனக்கு அதிகாரமில்ல. பதினெட்டு நாள் எனக்குச் சம்மதம்.


லயத்து அக்கா | சுங்கை சிப்புட்

ஞாயித்துக்கிழமை வராதீங்க, பாதி லயம் கல்யாணத்துக்கு ஈப்போ போகுது. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மேல வாங்க. கடைசி வீட்டுல நாய் கட்டியிருக்க மாட்டாங்க, முதல்ல கூப்பிட்டுட்டு உள்ள வாங்க. பழைய எண்ணு எது, புது எண்ணு எதுன்னு நானே கூட வந்து காட்டுறேன்.


தீப்பொறி98 | சுங்கை சிப்புட்

சனிக்கிழமை எங்க பக்கத்துலேர்ந்து மூணு பேர் வர்றோம். ஒண்ணு மட்டும் இங்க பதிவா இருக்கட்டும்: கடைசியில ஃப்ளாட்டுன்னு முடிஞ்சா அந்த மனுவுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். பட்டியல் எடுக்க வர்றேன்.


மழைச்சாரல் | சுங்கை சிப்புட்

பதிவாச்சு. படிவம் நாற்பது பிரதி எடுத்துட்டு வர்றேன். ஜோடி இப்படி: கிராணி ஐயாவும் தீப்பொறியும் முதல் வரிசை, அத்தையும் இன்னொரு தம்பியும் கோயில் பக்க வரிசை. தம்பியோட மோட்டார்ல ஐயா ஏற மாட்டார், யாராவது காடி கொண்டு வாங்க.